பூஜ்ஜியம் காட்டினால் நம்பலாமா: வீட்டுக்கான மல்டிமீட்டர் தேர்வும் அதன் கோளாறுகளும்

வீட்டில் மல்டிமீட்டரிடம் நாம் கேட்கும் கேள்விகள் மிகச் சில. இந்த பிளக் பாயின்ட்டில் மின்சாரம் வருகிறதா, இந்த பேட்டரியில் இன்னும் சக்தி இருக்கிறதா, இந்த ஒயர் நடுவில் அறுந்திருக்கிறதா, இந்த அடாப்டர் தன் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைத் தருகிறதா, இந்த ஃபியூஸ் போய்விட்டதா என்பவற்றுக்கு மேல் பெரும்பாலான வீடுகளில் கேள்வி எழுவதில்லை. இவற்றுள் முதல் கேள்வி மட்டும் மற்றவற்றோடு சேராதது. பேட்டரியைப் பற்றிக் கருவி தவறாகச் சொன்னால் ஒரு நல்ல பேட்டரி குப்பைக்குப் போகும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று தவறாகச் சொன்னால், அதை நம்பிய கை அந்தக் கம்பியைத் தொடும். எனவே குறைந்த விலைக் கருவிகளை ஒப்பிடும்போது, எத்தனை வசதிகள் இருக்கின்றன என்பதை அளவுகோலாக நான் கொள்ளவில்லை. கருவி பூஜ்ஜியம் காட்டும்போது அந்தப் பூஜ்ஜியத்தை எந்த அளவுக்கு நம்பலாம், அது தவறாக இருக்கக்கூடிய வழிகள் எவை, அவற்றை நாமே கண்டுபிடிக்க முடியுமா என்பவையே இந்தக் கட்டுரையின் அளவுகோல்கள்.

வாங்குபவர் முன் பொதுவாக நான்கு வகைகள் இருக்கும். ரேஞ்சை, அதாவது அளவு எல்லையை, நாமே திருப்பித் தேர்ந்தெடுக்க வேண்டிய சிறிய டிஜிட்டல் மீட்டர் முதலாவது. 830 என்ற எண்ணோடு பல பெயர்களில் விற்கப்படும் மஞ்சள் அல்லது கறுப்பு நிறக் கருவிகள் இந்த வகை. ரேஞ்சைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ரேஞ்ச் டிஜிட்டல் மீட்டர் இரண்டாவது. ஒயரை அறுக்காமல் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் மூன்றாவது. முள் நகரும் பழைய அனலாக் மீட்டர் நான்காவது.

830 வரிசை: எங்கே போதும், எங்கே போதாது

இந்தச் சிறிய கருவியைத் தாழ்வாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அதற்கு முன் அது உண்மையில் எவ்வளவு அளக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதே நியாயம். இதன் திரை 1999 வரை எண்ணும். டி.சி. (பேட்டரி தருவது போன்ற நேர்திசை மின்சார) வோல்ட்டுக்கு இதன் குறிப்பேட்டில் பெரும்பாலும் 0.5 சதவீதமும் கடைசி இலக்கத்தில் 2 எண்ணும் பிழை வரம்பாகத் தரப்பட்டிருக்கும். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி ஒன்றை 20 வோல்ட் ரேஞ்சில் அளந்து 12.60 என்று கிடைத்தால், 0.5 சதவீதம் 0.063 வோல்ட், இரண்டு எண் என்பது 0.02 வோல்ட், ஆக உண்மையான மதிப்பு சுமார் 12.52 வோல்ட்டுக்கும் 12.68 வோல்ட்டுக்கும் இடையில் இருக்கும். முழுதாக ஏறி ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேலும், பாதி இறங்கியது ஏறத்தாழ 12.2 வோல்ட்டும் காட்டும் என்பதால், இரண்டையும் பிரித்தறிய இந்தத் துல்லியம் தாராளமாகப் போதும். பொம்மை, ரிமோட், டார்ச் விளக்கு, மொபைல் அடாப்டர், சிறு மின்னணுப் பலகைகள் ஆகியவற்றோடு மட்டும் புழங்குபவருக்கு இதைவிட அதிகம் செலவழிக்க எந்தக் காரணமும் இல்லை.

ஏ.சி.க்கு, அதாவது வீட்டு இணைப்பில் வரும் மாறுதிசை மின்சாரத்துக்கு, வரும்போது நிலைமை மாறுகிறது. இதே கருவியின் 750 வோல்ட் ரேஞ்சில் ஓர் எண் என்பது ஒரு முழு வோல்ட். குறிப்பேடு 1.2 சதவீதமும் 10 எண்ணும் என்று சொன்னால், 230 வோல்ட்டுக்கு அது 2.76 வோல்ட்டும் 10 வோல்ட்டும் சேர்ந்து ஏறத்தாழ 13 வோல்ட் ஆகிறது. அதாவது திரையில் 230 என்று தெரிந்தால் உண்மையில் 217 முதல் 243 வரை எதுவாகவும் இருக்கலாம். மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு இது போதும். வோல்ட்டேஜ் குறைவாக வருகிறது என்று புகார் கொடுக்க இதை ஆதாரமாகக் கொள்வது சரியாகாது. இந்த வகையின் எளிய மாதிரிகளில் ஏ.சி. மின்னோட்டத்தை அளக்கும் வசதியே இருப்பதில்லை என்பதையும் வாங்கும் முன் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் இந்தக் கருவியை வீட்டு மின்சுற்றில் வைக்க வேண்டாம் என்று நான் சொல்வது துல்லியத்தை முன்னிட்டு அன்று. இதில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் துளைக்குப் பல மாதிரிகளில் ஃபியூஸ் கிடையாது. அதன் அருகிலேயே அப்படி எழுதியும் இருக்கும். சிவப்பு லீடை (கருவியில் செருகும், முனை உள்ள சோதனை ஒயரை) அந்தத் துளையில் விட்டுவிட்டு, மறதியாக பிளக் பாயின்ட்டின் இரு துளைகளிலும் முனைகளை வைத்தால், ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரு தடித்த செம்புக் கம்பியால் இணைத்ததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. அந்தக் கணத்தில் நம் கையில் இருப்பது அளவுக் கருவியன்று, ஷார்ட் சர்க்யூட்.

மேலட்டையில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும்

அளவுக் கருவிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 61010 என்ற பன்னாட்டுத் தரநிலை, கருவி எந்த இடத்தில் பயன்படத் தகுந்தது என்பதைக் கேட் 2, கேட் 3, கேட் 4 என்று வகைப்படுத்துகிறது. பிளக் பாயின்ட்டில் செருகப்படும் சாதனங்களை அளக்க கேட் 2. சுவிட்ச் போர்டு, டிரிப்பர், சுவருக்குள் ஓடும் நிரந்தர ஒயரிங் ஆகியவற்றுக்கு கேட் 3. மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடத்துக்கு கேட் 4. இந்த எண்கள் ஏன் முக்கியம் என்றால், மின்வழியில் இடி மின்னலாலும் பெரிய மோட்டார்களின் இயக்கத்தாலும் கண நேர அழுத்த ஏற்றங்கள் வந்து போகும். கேட் 2, 600 வோல்ட் கருவி 4000 வோல்ட் கணநேர ஏற்றத்தையும், கேட் 3, 600 வோல்ட் கருவி 6000 வோல்ட்டையும் தாங்கிக் காட்ட வேண்டும். அதோடு, கேட் 2 சோதனையில் அந்த ஏற்றத்தைத் தரும் மூலத்தின் மின்தடை 12 ஓம். கேட் 3 சோதனையில் 2 ஓம் மட்டுமே. மின்தடை குறையக் குறைய அந்த ஏற்றத்தின் பின்னால் பாயக்கூடிய ஆம்பியர் பெருகும் என்பதால், வோல்ட் எண் ஒன்றாகவே இருந்தாலும் கேட் 3 என்பது பல மடங்கு கடினமான தேர்வு.

குறைந்த விலைக் கருவிகளில் இந்த முத்திரையை அச்சிடுவது எளிது. அதற்கு ஏற்றபடி உள்ளே கட்டுவதுதான் செலவு. இதைச் சரிபார்க்க ஒரு வழி எல்லோருக்கும் எட்டும்: பின் மூடியைத் திறந்து ஃபியூஸைப் பாருங்கள், அதன் உலோகத் தொப்பியில் பொறித்திருப்பதைப் படியுங்கள். மேலட்டையில் 600 வோல்ட் என்றிருக்கும் கருவிக்குள் 250 வோல்ட் என்று பொறித்த சிறிய கண்ணாடி ஃபியூஸ் இருந்தால், அவ்விரண்டில் ஒன்று பொய். 5 மில்லிமீட்டர் விட்டமும் 20 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சாதாரணக் கண்ணாடி ஃபியூஸ் பாதுகாப்பாக அறுக்கக்கூடிய மின்னோட்டம் 35 ஆம்பியர், அல்லது அதன் சொந்த அளவின் பத்து மடங்கு, இவற்றில் எது பெரிதோ அது. வீட்டு மின்வழியில் ஷார்ட் ஏற்பட்டால் நூற்றுக்கணக்கிலும், சில இடங்களில் ஆயிரத்துக்கு மேலும் ஆம்பியர் பாய முடியும். அந்த நிலையில் கண்ணாடிக் குழாய்க்குள் கம்பி உருகினாலும் மின்பொறி அணையாமல் தொடர்ந்து, குழாயே வெடிக்கலாம். மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸில் அந்த மணல் பொறியின் வெப்பத்தை உறிஞ்சி அதை அணைக்கிறது. அதனால்தான் அது பருமனாகவும் விலை கூடியதாகவும் இருக்கிறது. இரண்டு மின்னோட்டத் துளைகளுக்கும் பீங்கான் ஃபியூஸ் இருப்பதை, கொள்திறன் அளத்தல், வெப்பநிலை அளத்தல், டிரான்சிஸ்டர் சோதனை ஆகிய எல்லாவற்றுக்கும் மேலான தகுதியாக நான் கருதுகிறேன்.

லீடுகளுக்கும் இதே தரநிலையில் தனிப் பகுதி உண்டு. கேட் 3 இடங்களில் பயன்படுத்தும் முனையில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நீளமான வெற்று முனை, நெருக்கமான சுவிட்ச் போர்டுக்குள் பக்கத்துத் திருகையும் சேர்த்துத் தொட்டுவிடும் என்பதே காரணம். நல்ல கருவியை வாங்கி மலிவான லீடைச் செருகினால் மொத்தத் தகுதியும் லீடின் தகுதிக்கு இறங்கிவிடுகிறது.

ஆட்டோ ரேஞ்ச் கருவியில் கூடுதலாகக் கிடைப்பது

இந்த வகை வழக்கமாக 4000 அல்லது 6000 வரை எண்ணும். 230 வோல்ட்டை அது 230.0 என்று பத்தில் ஒரு வோல்ட் வரை காட்டும். 1 சதவீதமும் 5 எண்ணும் பிழை வரம்பு என்றால் மொத்தப் பிழை 2.8 வோல்ட் மட்டுமே. முன்னர் கண்ட 13 வோல்ட்டோடு இதை ஒப்பிட்டால், விலை வேறுபாடு எதற்கு என்பது விளங்கும். ஆயினும் வீட்டுப் பயனாளருக்கு இதைவிடப் பெரிய நன்மை, தவறான ரேஞ்சில் வைத்துவிடும் வாய்ப்பு குறைவது. 830 கருவியில் ஏ.சி., டி.சி., ஓம், ஆம்பியர் எல்லாம் சேர்ந்து 20 நிலைகள் ஒரே வட்டத்தில் நெருக்கமாக இருக்கும். அரை இருட்டில் சுவிட்ச் போர்டின் முன் நிற்பவர் ஒரு நிலை தள்ளி வைப்பது இயல்பு. ஆட்டோ ரேஞ்ச் கருவியில் ஆறேழு நிலைகள்தான்.

இதற்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. ரேஞ்சைத் தேடிக்கொண்டிருப்பதால் எண் நிலைக்க ஓரிரு விநாடிகள் ஆகும். பல மாதிரிகளில் ஏ.சி.க்கும் டி.சி.க்கும் ஒரே நிலையை வைத்து, ஒரு பொத்தானால் மாற்றிக்கொள்ள விட்டிருப்பார்கள். கருவியை இயக்கியதும் அது டி.சி.யில் இருந்தால், ஏ.சி. மின்வழியில் வைத்தவருக்குப் பூஜ்ஜியத்தை ஒட்டிய எண்ணே கிடைக்கும். இரு திசையிலும் சமமாக ஆடும் அழுத்தத்தின் சராசரி பூஜ்ஜியம்தானே. இப்படிப்பட்ட கருவியை வாங்குபவர், ஏ.சி.க்குத் தனி நிலை உள்ள மாதிரியைத் தேடுவது நல்லது.

ட்ரூ ஆர்.எம்.எஸ்., அதாவது அலை எந்த வடிவில் இருந்தாலும் ஏ.சி.யின் உண்மை மதிப்பைக் காட்டும் திறன், என்ற சொல் இப்போது குறைந்த விலைக் கருவிகளிலும் தென்படுகிறது. அது இல்லாத கருவி, ஏ.சி.யின் சராசரியை அளந்து, அலை சீரான சைன் வடிவம் என்று தானே கருதிக்கொண்டு 1.11 ஆல் பெருக்கிக் காட்டும். மின்வாரியத்திலிருந்து வரும் மின்சாரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தும். சதுர அலை தரும் இன்வெர்ட்டரில் சராசரியும் உண்மை மதிப்பும் ஒன்றே என்பதால், 220 வோல்ட்டை இது 244 என்று காட்டும். வீட்டில் பழைய வகை இன்வெர்ட்டரோ, விளக்கு ஒளியைக் குறைக்கும் டிம்மரோ இருந்து, அவற்றின் வெளியீட்டை அளக்கும் தேவையும் இருந்தால் மட்டும் ட்ரூ ஆர்.எம்.எஸ். கருவிக்கு கூடுதல் விலை தரலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தை நல்ல லீடுக்குக் கொடுக்கலாம்.

உள்ளீட்டு மின்தடை, அதாவது வோல்ட் அளக்கும்போது கருவியே தன் இரு முனைகளுக்கிடையே கொண்டிருக்கும் மின்தடை, பற்றியும் ஒரு சொல். 830 வகையில் அது பெரும்பாலும் 1 மெகாஓம். ஆட்டோ ரேஞ்ச் கருவிகளில் 10 மெகாஓம். இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 9 வோல்ட் கொடுத்தால் நடுவில் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். 10 மெகாஓம் கருவி அதை 4.3 என்றும், 1 மெகாஓம் கருவி 3.0 என்றும் காட்டும். ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் உணர்திறன் கொண்ட அனலாக் மீட்டர், 10 வோல்ட் ரேஞ்சில் 1.3 என்றே காட்டும். அளக்கும் செயலே அளவை மாற்றிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மின்னணுப் பலகைகளைப் பழுது பார்ப்பவருக்கு 10 மெகாஓம் அவசியம். வீட்டு ஒயரிங்கிலோ, அதே உயர்ந்த மின்தடை ஒரு தொல்லையைக் கொண்டுவரும். ஃபேஸ் ஒயரோடு ஒரே குழாயில் நெடுந்தூரம் ஓடும், இரு முனையும் எதனுடனும் இணைக்கப்படாத ஒயரில், அருகிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்னோட்டத்தாலேயே 40 வோல்ட், 80 வோல்ட் என்று ஒரு போலி அழுத்தம் தெரியும். ஒரு சாதாரண இழை பல்பை அந்த ஒயருக்கும் நியூட்ரலுக்கும் இடையில் இணைத்தால் அந்த வோல்ட் மறைந்துவிடும். சில கருவிகளில் இதற்கென்றே குறைந்த மின்தடை நிலை ஒன்று இருக்கும். அது இருக்கும் கருவி சற்றே விலை கூடியது என்றாலும், பழைய வீடுகளின் ஒயரிங்கில் கை வைப்பவருக்கு மிகவும் உதவும்.

கிளாம்ப் மீட்டரும் அனலாக் மீட்டரும்

டிரிப்பர் அடிக்கடி விழுகிறது, எந்தச் சாதனம் எவ்வளவு ஆம்பியர் எடுக்கிறது என்று அறிய வேண்டும் என்பவருக்கு கிளாம்ப் மீட்டர்தான் சரியான விடை. ஒயரை அறுக்க வேண்டாம், ஃபியூஸைப் பற்றிய கவலை வேண்டாம். பெரும்பாலான கிளாம்ப் மீட்டர்கள் வோல்ட்டையும் ஓமையும் அளப்பதால், ஒரே கருவியாகவும் பயன்படும். மின்னோட்டத்துக்கெனத் தனித் துளை அவற்றில் பொதுவாக இல்லாததால், மேலே சொன்ன மறதி விபத்துக்கும் இடமில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, விலை அனுமதித்தால் வீட்டுக்கு முதல் கருவியாக இதையே பரிந்துரைப்பேன்.

ஆனால் இதற்கும் தனக்கே உரிய பொய்ப் பூஜ்ஜியம் உண்டு. சாதனத்தின் பவர் கார்டை அப்படியே தாடைக்குள் வைத்தால், ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றையொன்று ரத்து செய்துவிட, ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தாலும் திரை 0.00 காட்டும். ஒற்றை ஒயரை மட்டும் பிரித்துத் தாடைக்குள் விட வேண்டும். இதே ரத்தாகும் தன்மையைத்தான் ஆர்.சி.சி.பி. தன் வேலைக்குப் பயன்படுத்துகிறது: போனதும் திரும்பியதும் சமமாக இல்லாவிட்டால் எங்கோ கசிவு என்று கண்டு இணைப்பைத் துண்டிக்கிறது. இன்னொன்று, மலிவான கிளாம்ப் மீட்டரின் மிகச் சிறிய அளவு 0.1 ஆம்பியராகவும் இருக்கலாம். சிறிய சாதனத்தை அளக்கும்போது அந்த ஒற்றை ஒயரைத் தாடையைச் சுற்றிப் பத்து முறை சுற்றினால் எண் பத்து மடங்காகத் தெரியும், பத்தால் வகுத்துக்கொள்ளலாம். பேட்டரி, சோலார் போன்ற டி.சி. மின்னோட்டத்தை அளக்க வேண்டுமானால் அதற்கான உணரி உள்ள மாதிரியா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சாதாரண கிளாம்ப் ஏ.சி.யை மட்டுமே அறியும்.

அனலாக் மீட்டரில் முள் மெல்ல ஏறி இறங்குவதைக் கண்ணால் தொடர முடியும் என்பது உண்மையான நன்மை. ஓம் அளவுகோல் வலமிருந்து இடமாக ஓடுவது, ஒவ்வொரு ரேஞ்சிலும் பூஜ்ஜியத்தைத் திருத்த வேண்டியிருப்பது, கீழே விழுந்தால் முள்ளின் தாங்கி பழுதாவது ஆகியவற்றை எண்ணும்போது, கற்பிப்பவர்களுக்கும் பழகியவர்களுக்கும் மட்டுமே அது ஏற்றது.

தொடாமலே மின்சாரத்தை உணரும் பேனாவும், நியான் விளக்கு வைத்த டெஸ்டரும் இந்த வரிசையில் இடம்பெறாததற்குக் காரணம் இருக்கிறது. அவை ஒளிர்ந்தால் மின்சாரம் இருக்கக்கூடும்; ஒளிராவிட்டால் எதுவுமே நிரூபணமாகவில்லை. உலோகக் குழாய்க்குள் ஓடும் ஒயரைப் பேனா உணராது. மரப் பலகை மேல் நின்றால் டெஸ்டரின் விளக்கு மங்கிப் போகும்.

கருவியே தவறும்போது

கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடப்படுபவற்றில் பல, உண்மையில் லீடு அறுந்தவை. ஒருமுறை சுவிட்ச் போர்டைக் கழற்றிவிட்டு, டிரிப்பரை இறக்கிய நினைவோடு அளந்தபோது பூஜ்ஜியம் வந்தது. அதே போர்டிலிருந்து இணைப்பு பெறும் விளக்கு எரிந்துகொண்டிருப்பதைக் கண்டபின்தான், வேறொரு பாயின்ட்டிலும் முனைகளை வைத்துப் பார்த்தேன், அங்கும் பூஜ்ஜியம். நான் இறக்கியது வேறு டிரிப்பர். கறுப்பு லீடோ, பிடியோடு சேரும் இடத்தில் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும், மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் முதலில் அளந்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் அளந்து, மீண்டும் முதல் இடத்திலேயே அளந்து கருவியைச் சரிபார்க்கிறேன். தொழில்முறை மின்பணியாளர்கள் கடைப்பிடிக்கும் முறை இது. இரண்டாவது அளவுக்குப் பின் கருவி உயிரோடு இருந்ததா என்பதை மூன்றாவது அளவு மட்டுமே சொல்லும்.

லீடைச் சோதிக்க, மிகக் குறைந்த ஓம் ரேஞ்சில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து, ஒயரை அதன் இரு கோடிகளிலும் வளைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். 0.2 முதல் 0.5 ஓம் வரை நிலையாக நின்றால் நல்லது. எண் குதித்தால், அல்லது சில ஓம்களுக்கு ஏறினால் லீடை மாற்றிவிட வேண்டும். பீப் ஒலியை மட்டும் நம்பிச் சோதிப்பது போதாது. பல கருவிகளில் 30 அல்லது 50 ஓம் வரைகூட ஒலி எழும் என்பதால், பாதி அறுந்த லீடும் அதில் தேறிவிடும். புதிய லீடு வாங்கும்போது, செருகும் முனை கருவியின் துளைக்குள் முழுதாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்; மலிவான கருவிகளின் துளை ஆழம் குறைந்திருக்கும்.

அடுத்து பேட்டரி. இது லீடைவிட நயவஞ்சகமானது, ஏனெனில் கருவி நின்றுபோகாமலே தவறாகச் சொல்லத் தொடங்கும். 830 வகையில் உள்ள 9 வோல்ட் பேட்டரி 7 வோல்ட்டை நெருங்கும்போது, ஒப்பிட்டு அளப்பதற்காக உள்ளே வைத்திருக்கும் ஆதார அழுத்தமும் சரியத் தொடங்கும். அளவுகோலே சுருங்கிவிட்டால் அளக்கப்படும் பொருள் பெரிதாகத் தெரியும் அல்லவா; அதுபோல எல்லா வோல்ட்டும் உயர்ந்தே காட்டும். புதிய 1.5 வோல்ட் செல் 1.6க்கு வெகுவாக மேலே காட்டினாலோ, வீட்டு மின்சாரம் திடீரென 270 வோல்ட் என்று தெரிந்தாலோ, மின்வாரியத்தைச் சந்தேகிக்கும் முன் கருவியின் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றி வைப்பதே நல்லது; கசிந்த பேட்டரி உள்ளிருக்கும் பலகையின் செம்பையே தின்றுவிடும்.

கோளாறே இல்லாமல் கோளாறுபோல் தோன்றுபவையும் பல. இடது ஓரத்தில் 1 மட்டும் தெரிவதும், ஆட்டோ ரேஞ்ச் கருவியில் ஓ.எல். என்று வருவதும், அளவு ரேஞ்சை மீறியது அல்லது சுற்று திறந்திருக்கிறது என்பதற்கான அறிவிப்பு. முனைகள் எதையும் தொடாதபோது மில்லிவோல்ட் எண்கள் அலைவது, உயர்ந்த உள்ளீட்டு மின்தடை காற்றிலுள்ள இரைச்சலைப் பிடிப்பதால். முனைகளைச் சேர்த்தால் அது பூஜ்ஜியமாக வேண்டும். எண் அசையவே இல்லையென்றால் ஹோல்டு பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். உறைந்த பூஜ்ஜியம் எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை. 830 வகையில் 9 வோல்ட் பேட்டரியை ஏ.சி. ரேஞ்சில் வைத்தால் ஒரு திசையில் சுமார் 20 என்றும், முனைகளை மாற்றினால் பூஜ்ஜியம் என்றும் காட்டும். உள்ளே இருப்பது ஒற்றை டயோடு வழியான அளவீடு என்பதால் இப்படி ஆகிறது. பெரிய ரெசிஸ்டரை அளக்கும்போது இரு முனைகளையும் விரல்களால் பிடித்தால், உடலின் மின்தடையும் இணையாகச் சேர்ந்து எண்ணைக் குறைத்துவிடும்.

வோல்ட் சரியாகக் காட்டி, மில்லிஆம்பியர் மட்டும் எப்போதும் பூஜ்ஜியமாக இருந்தால் ஃபியூஸ் போயிருக்கும். அதைக் கழற்றி, அதே கருவியின் ஓம் ரேஞ்சிலேயே சோதிக்கலாம். மாற்றும்போது ஆம்பியர், வோல்ட் இரண்டும், பீங்கானா கண்ணாடியா என்பதும் பழையதோடு பொருந்த வேண்டும். ஒயரை வளைத்து வைத்துச் சரிக்கட்டுவது, இத்தனை ஆராய்ந்து வாங்கிய பாதுகாப்பை ஒரே நொடியில் இல்லாமல் ஆக்கிவிடும்.

திரையில் எண்ணின் சில கோடுகள் மறைந்து 8 என்பது 6 போலவும் 0 போலவும் தெரிந்தால், திரையையும் பலகையையும் இணைக்கும் ரப்பர் பட்டை நழுவியிருக்கலாம், அல்லது அதில் அழுக்கு ஏறியிருக்கலாம். கருவியைத் திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அந்தப் பட்டையையும் அது அமரும் தடங்களையும் துடைத்து, திருகுகளைச் சமமாக இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சுழல் சுவிட்சை லேசாக அசைத்தாலே எண் மாறுகிறது என்றால், பலகையில் உள்ள வட்டத் தடங்களையும் அதே முறையில் துடைக்கலாம். திறக்கும் முன் லீடுகளைக் கழற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

இதற்கு மேல் சரிசெய்யக் கூடாத நிலைகளும் உண்டு. ஒருமுறை உள்ளே பொறி பறந்த கருவி, பலகையில் கருகிய தடம் உள்ள கருவி, மேலுறை விரிசல் விட்ட கருவி ஆகியவை ஃபியூஸை மாற்றிய பின் சரியாக அளப்பதுபோல் தோன்றலாம். கருகிய இடம் அடுத்த முறை மின்சாரம் தாவ எளிய வழியாக இருக்கும். அத்தகைய கருவியைப் பேட்டரிகளுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டி வைத்தாலும், வீட்டில் வேறு யாராவது அதை எடுத்து பிளக் பாயின்ட்டில் வைப்பார்கள். லீடுகளை வெட்டிவிட்டு அப்புறப்படுத்துவதே முறை.